அளவுக்கு ஒரு கை

ராஜபாளையம்
21.10.2024

தம்பி ஜபருல்லாவுக்கு, அக்கா நூர்னிசா ஸலாம் சொல்லி எழுதுவது.

இங்கே நானும் உன் மச்சானும் அல்லாஹ் வைத்தபடி இருக்கிறோம். மச்சானுக்குச் சர்க்கரை ஏறி இறங்கிக்கொண்டு இருக்கிறது. பாத்திரக் கடையில் உட்கார்ந்து முறுக்குத் தின்கிறார், கேட்டால் ருசி பார்த்தேன் என்கிறார். உன் வீட்டில் ஹஃபீஸாவுக்கு முதுகுவலி தேவலையா?

போன் போட்டால் நீ எடுப்பதில்லை. கடிதத்தை எடுக்காமல் இருக்க முடியாது, தபால்காரர் கையில் திணித்துவிட்டுப் போய்விடுவார். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் பஸ்ஸில் அரை மணி நேரம். அதற்கு ஒரு கடிதம், ஒரு ஸ்டாம்ப். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். நம் ஜமாஅத்தில் பெண்கள் மையவாடிக்குள் போகிற வழக்கம் இல்லை. அதனால் வெள்ளிக்கிழமைதோறும் மதிலுக்கு வெளியே தெருவில் நின்று என் பிள்ளை அனஸுக்கு யாசீன் ஓதிவிட்டு வருகிறேன். அவனை அடக்கிய கபுரு மதிலை ஒட்டி இருப்பது ஒன்றுதான் எனக்குக் கிடைத்த ஆறுதல். போன வெள்ளிக்கிழமை போனபோது மதிலுக்கு மேல் ஏறி என் தோள் உயரத்துக்கு ஒரு கொடி தொங்கியது. உள்ளே போன மச்சானைப் பார்க்கச் சொன்னேன். அனஸின் தலைமாட்டில் மீசான் கல்லைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறதாம்.

அதில் ஒரு பூ. விரல் நீளம். அடியில் குண்டாகி, கழுத்து ஒடுங்கி, உச்சியில் ஐந்து கம்பி சேர்ந்து சின்னக் கூண்டு மாதிரி. வெளிர் பச்சையில் கத்தரிப்பூ நிறத்துப் புள்ளிகள். முகர்ந்து பார்த்தேன். காயாத சட்டையின் ஈர வாடை. தம்பி, அன்றைக்கு அவனைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தியபோது அடித்த வாடை.

பயந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் திரும்பவும் போனேன். கல்லூரிப் பேராசிரியருக்கு மலையில் செடி தேடிக் கொடுக்கிறவன் நீ. அது என்ன கொடி என்று எழுது.

உன் சுகத்துக்கு துஆ செய்யும்,
அக்கா.


ஸ்ரீவில்லிபுத்தூர்
30.10.2024

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும், ஜபருல்லாவின் ஸலாம்.

கடிதம் கிடைத்தது. ஹஃபீஸாவுக்கு முதுகுவலி குறைந்திருக்கிறது. மச்சானை வெந்தயம் ஊறப்போட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள், முறுக்கு டப்பாவைப் பூட்டி வையுங்கள். கடலூரில் ரமீஜா மகன் பள்ளிக்கூடம் போக அழுகிறான் என்று ஹஃபீஸா சொன்னாள். மகள் வீட்டுக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வாருங்களேன், உங்களுக்கும் மாறுதலாக இருக்கும்.

நீங்கள் எழுதியது களை. வேலிக்கு வேலி வரும். மச்சானிடம் சொல்லி வேரோடு பிடுங்கிப் போடச் சொல்லுங்கள்.

மழைக்காலம், வெந்நீர் குடியுங்கள்.

தம்பி.


ராஜபாளையம்
8.11.2024

தம்பிக்கு அக்காவின் ஸலாம். மச்சான் வெந்தயமும் தின்கிறார், முறுக்கும் தின்கிறார்.

சின்ன வயதில் நம் வீட்டு வாசலில் குப்பைமேனிச் செடியைப் பிடுங்கினேன் என்று என் சடையைப் பிடித்து இழுத்தவன் நீ. "அது உன் வீட்டுச் சோத்தையாக்கா திங்குது?" என்று கேட்டு அழுதாய். அந்த ஆள் இன்றைக்கு, பூத்து நிற்கிற கொடியை வேரோடு பிடுங்கச் சொல்கிறான்.

வேலிக்கு வேலி வரும் என்று எழுதியிருந்தாய். அன்று முதல் வேலியைப் பார்த்துக்கொண்டேதான் நடக்கிறேன். தென்காசி ரோடு பூராவும் பார்த்தாயிற்று, செட்டியார்பட்டிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்திலும் பார்த்தேன். இரண்டு வீட்டுக்காரர்கள், "என்னம்மா தேடுறீக, கோழி காணாமப் போச்சா?" என்று கேட்டுவிட்டார்கள். ஒரு வேலியிலும் அந்தக் கொடி இல்லை.

எப்படியானாலும் நான் பிடுங்க விடமாட்டேன். கபுருமேல் பச்சை இருக்கிறவரை அது அல்லாஹ்வைத் துதித்துக்கொண்டிருக்கும், உள்ளே இருப்பவருக்கு லேசாகும் என்று சொல்லித்தானே தலைமாட்டில் பச்சைக் குச்சி நடுகிறோம்? நான் உள்ளே போக முடியாது. அவன் மதிலுக்கு மேல் கையை நீட்டி என்னைத் தொடுகிறான் என்று நினைத்துக்கொள்கிறேன். பைத்தியம் என்று சொல்வாய். சொல்லிக்கொள்.

வருகிற பதின்மூன்றாம் தேதியோடு இரண்டு வருஷம். வீட்டில் ஓதி நாலு பேருக்குச் சோறு போடுகிறோம். போன வருஷமும் நீ வரவில்லை. மழைக்காலத்தில் உன்னோடு மலைக்குப் போகக்கூடாது என்று நான் சொன்ன சொல்லை அவன் மீறவில்லை. அந்தச் சேக்காளி விக்னேஸ்வரன் குளிக்கக் கூப்பிட்டதால்தான் அய்யனார் கோவில் ஓடைக்குப் போனான், வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. கூட்டிக்கொண்டு போனவன் உயிரோடு இருக்கிறான், "நான் கூப்பிடவே இல்லை" என்று கடைசிவரை சாதித்தான். அவன் வீட்டு வாசலில் நான் மண்ணை வாரித் தூற்றியது தப்பே இல்லை.

வந்து சேர்.
அக்கா.


ஸ்ரீவில்லிபுத்தூர்
27.11.2024

அக்காவுக்கும் மச்சானுக்கும் ஸலாம். இங்கே நாங்கள் சுகம். அங்கே எல்லோரும் சுகமாக இருக்க துஆ.

வர முடியவில்லை. வேலை. கோபப்படாதீர்கள்.

கொடியை வைத்துக்கொள்வதானால் இருக்கட்டும். தை பிறந்ததும் காய்ந்துவிடும், அப்போது அழாதீர்கள். செத்துவிடாது. மண்ணுக்குள் சின்ன வெங்காயம் அளவுக்கு ஒரு கிழங்கு இருக்கும், அடுத்த மழைக்கு அதிலிருந்து திரும்ப வரும். அந்தக் கூண்டுக்குள் ஈ போய் மாட்டிக்கொண்டால் பாவம் என்று குச்சியால் குத்திவிடாதீர்கள். ஒரு நாள் உள்ளே வைத்திருக்கும். மறுநாள் பூ தலை சாயும், ஈ தானாகப் போய்விடும்.

கல்லூரி ஆட்கள் யாராவது அந்தத் தெருப் பக்கம் வந்தால் காட்ட வேண்டாம்.

விக்னேஸ்வரனை இனியும் திட்ட வேண்டாம் அக்கா. அவனும் சின்னப் பையன்தான். அவர்கள் ஊரைவிட்டே போய்விட்டார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி.


ராஜபாளையம்
15.12.2024

தம்பி ஜபருல்லாவுக்கு ஸலாம்.

உடம்பு சுகம்தான். மனசைப் பற்றிக் கேட்காதே.

முதலில் களை என்றாய். இப்போது அதன் கிழங்கு எம்புட்டு இருக்கும் என்பதுவரை தெரிந்திருக்கிறது. சரி, மறந்து போயிருப்பான், ஞாபகம் வந்திருக்கும் என்று விட்டிருப்பேன். நேற்று மச்சான் கடையில் டம்ளர் சுற்ற வாங்கிய பழைய பேப்பர் கட்டில் இருந்து ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு வந்தார். "ஏ நூரு, ஒன் கொடி பேப்பர்ல வந்திருக்கு பாரு" என்றார்.

அதே பூ. உலகத்திலேயே நம் அய்யனார் கோவில் மலையில் ஒரே ஒரு பாறைச் சரிவில்தான் இருந்ததாம். வெள்ளத்தில் அந்தச் சரிவே இடிந்து போய்விட்டதாம். உன் பேராசிரியர் இரண்டு வருஷமாகத் தேடுகிறாராம், அற்றுப்போயிருக்கலாம் என்கிறாராம். படத்துக்குக் கீழே, "2022 நவம்பர் 13 அன்று களப்பணியாளர் எடுத்த படம். இதுவே கடைசி" என்று போட்டிருந்தது.

பூ எவ்வளவு பெரிது என்று தெரிய, பக்கத்தில் ஒரு கை வைத்திருக்கிறார்கள். கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்து வளர்ந்திருக்கிறது.

கடை ஷட்டர் விழுந்து நசுங்கிய விரல். மருந்து வைத்துக் கட்டியது நான். சோறு ஊட்டிவிட்டதும் நான். மச்சானுக்குக் கண்ணாடி இல்லாமல் அவ்வளவு தெரியாது. நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. பேப்பரை மடித்துக் குர்ஆன் வைக்கிற பலகைக்குக் கீழே வைத்திருக்கிறேன். என் பிள்ளையின் கை அதில் உயிரோடு இருக்கிறது.

அன்றைக்கு நீ காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்ததாகச் சொன்னாய். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் படத்தை எடுத்தது யார்?

அக்கா.


ஸ்ரீவில்லிபுத்தூர்
3.1.2025

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும் ஸலாம்.

தாமதத்துக்கு மன்னிக்கவும். சளி. இப்போது பரவாயில்லை. ஹஃபீஸா சுகம். மச்சானுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்றால் இங்கே நல்ல டாக்டர் இருக்கிறார், நான் சீட்டுப் போட்டு வைக்கிறேன். பனி அதிகம், தலைக்குத் துணி கட்டிக்கொண்டு வெளியே போங்கள். ரமீஜா மகன் பள்ளிக்கூடம் போகிறானா?

பேப்பர் நான் பார்க்கவில்லை.

தம்பி.


ராஜபாளையம்
9.2.2025

ஜபருல்லாவுக்கு,

ஸலாம். எல்லோரும் சுகம். உன் சுகத்தை நான் கேட்கவில்லை.

வருகிற வியாழக்கிழமை பராஅத் இரவு. வழக்கம்போல அன்றைக்குப் பகலில் மையவாடியைச் சுத்தம் செய்கிறார்கள். தேவதானத்திலிருந்து ஆவுடையப்பன் என்பவரைப் பேசியிருக்கிறார்கள். எல்லாக் கபுரையும் மண்வெட்டியால் ஒரு சாண் கொத்தி, புல் பூண்டு எடுத்து, புது மண் போட்டு மெழுகித் தரவேண்டும் என்று ஏற்பாடு. கொடி காய்ந்து சருகாகிவிட்டது. பார்க்கிறவர்களுக்கு அது குப்பை.

அது என்ன, எப்படி அங்கே வந்தது என்று நீ உன் வாயால் சொன்னால் நான் மச்சானை விட்டுத் தடுக்கிறேன். சொல்லாவிட்டால் நீ எழுதியதுதான் சரி. களை. வேரோடு போகட்டும்.

நூர்னிசா.


ராஜபாளையம்
19.2.2025

ஜபருல்லாவுக்கு,

வியாழக்கிழமை சாயங்காலம் ஆவுடையப்பன் கூலி வாங்கக் கடைக்கு வந்தார். நான் அங்கேதான் இருந்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எல்லாத்தையும் கொத்திட்டம்மா. ஒங்க பிள்ளை எடத்தை மட்டும் தொட முடியலை. காலையில ஏழு மணிக்கே ஒருத்தர் வந்து தலமாட்டுல ரெண்டு கையையும் மண்ணுல வச்சு உக்காந்துட்டாரு. எம்புட்டு சொல்லியும் எந்திரிக்கலை. மேல வெட்டிருவேன் சாமின்னேன். வெட்டுங்கிறாரு. நாங்க சோறு திங்கப் போயிட்டு வாரோம், அப்பவும் அங்கனயே இருக்காரு. அஞ்சு மணிக்கு நாங்க சாமானை எடுத்துக் கட்டின பொறவுதான் போனாரு. முட்டி வலிக்காரரு போல, நொண்டிக்கிட்டுப் போனாரு."

பத்து மணி நேரம் உட்கார்ந்திருந்தாய். என் வீடு அங்கிருந்து இரண்டு தெரு. உனக்குப் பிடிக்கும் என்று அன்றைக்குப் பாலில் ரொட்டி ஊறவைத்திருந்தேன்.

பூவுக்காக ஓடி வரத் தெரிந்தது. பெற்றவளிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. இரண்டு வருஷமாக உன் போனுக்காகக் காத்திருந்தேனே, நான் அந்தக் கொடியைவிடக் கேவலமா?

இதற்குமேல் நான் எழுத மாட்டேன்.


ஸ்ரீவில்லிபுத்தூர்
5.3.2025

அக்கா,

ஸலாம். நோன்பு வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இதில் பொய் இல்லை.

படத்தை எடுத்தது நான்.

என்னோடு வரவேண்டும் என்பதற்காகத்தான் உங்களிடம் விக்னேஸ்வரனோடு குளிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தான். எனக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே வண்டியில் ஏற்றினேன். ஓடையைத் தாண்டி அந்தப் பாறைச் சரிவுக்குப் போனோம். ஒன்பது கொடி இருந்தது. அளவு தெரிய அவன் கையை வைக்கச் சொல்லிப் படம் எடுத்தேன். இக்கரைக்கு வந்து சிக்னல் கிடைத்த இடத்திலிருந்து பேராசிரியருக்கு அனுப்பினேன். "ஒரு கிழங்கும் கிடைத்தால் நல்லது" என்றார். என் முட்டி வீங்கியிருந்தது. "நீங்க இருங்க மாமா, நான் போயிட்டு வாரேன்" என்றான்.

மேலே முகட்டில் மேகம் கறுத்திருந்தது அக்கா. நான் பார்த்தேன். இருபது வருஷம் மலையில் நடந்தவன், அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? "செத்த நேரத்துல வந்துருலே" என்றேன். அதுதான் நான் அவனிடம் சொன்ன கடைசிச் சொல்.

கிழங்கை எடுத்துவிட்டான். பாதி ஓடையில் நின்று சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான். தண்ணீர் வந்தது. அதற்குமேல் எழுத முடியவில்லை.

இரண்டு மணி நேரம் கரையோடு ஓடினேன். பிறகு வீட்டுக்கு வந்து போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்தேன். மச்சான் போன் வரும்வரை படுத்திருந்தேன். வெள்ளம் வருமுன்பே மலையிலிருந்து இறங்கிவிட்டதாகப் பேராசிரியரிடமும் சொன்னேன். நீங்கள் விக்னேஸ்வரன் பெயரைச் சொல்லி அழுதபோது வாயைத் திறக்க நினைத்தேன். முதல் நாள் திறக்கவில்லை. இரண்டாம் நாள் அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அவனைக் குளிப்பாட்டும்போது சட்டையைக் கழற்றியவன் நான். பையில் அந்தக் கிழங்கு இருந்தது. பேராசிரியரிடம் கொடுக்க மனசு வரவில்லை, தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. அடக்கம் முடிந்து எல்லோரும் பச்சைக் குச்சி நட்டபோது அதை அவன் தலைமாட்டில் புதைத்தேன். அவன் எடுத்தது, அவனிடமே கொடுத்துவிட்டேன். ஊர் வெயிலில் பிழைக்காது என்று நினைத்தேன். பிழைத்து, மதில் ஏறி, உங்களிடமே வந்துவிட்டது. பிடுங்கச் சொன்னது பயத்தில். போய் உட்கார்ந்தது, அதுவும் என் கண்முன்னால் சாகக்கூடாது என்று. உங்கள் தெருமுனைவரை வந்தேன். ரொட்டி வாசனை வந்தது. திரும்பிவிட்டேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. நீங்கள் என்ன சொன்னாலும் செய்கிறேன்.

ஜபருல்லா.


ராஜபாளையம்
11.3.2025

விக்னேஸ்வரன் திருப்பூரில் இருக்கிறான். அவன் வாசலில் போய் நின்று சொல்.

நூர்னிசா.


ஸ்ரீவில்லிபுத்தூர்
12.8.2025

அக்காவுக்கும் மச்சானுக்கும் ஸலாம். உங்கள் சுகத்தை ஹஃபீஸா மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

ஐந்து மாதம் ஆகிவிட்டது. மூன்று தடவை திருப்பூர் பஸ் ஸ்டாண்டுவரை போய்த் திரும்பினேன். போன ஞாயிற்றுக்கிழமை போய்விட்டேன்.

விக்னேஸ்வரன் பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை பார்க்கிறான். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. உள்ளே திரும்பி, "எம்மா, செத்த இங்க வா" என்று கூப்பிட்டான். என்னிடம், "மறுபடி மொதல்ல இருந்து சொல்லுங்க" என்றான். முழுசாக இன்னொரு தடவை சொன்னேன்.

மாரீஸ்வரி கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கடைசியில், "ஊரு கேட்டது பெரிசில்லைண்ணே. நெசமாவே நீ கூட்டிட்டுப் போவலையாலேன்னு நானே எம்பிள்ளைகிட்ட எத்தனை தடவை கேட்டேன்" என்றாள். பிறகு உட்கார்ந்து அழுதாள். அவன் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். எனக்கும் கொடுத்தான்.

பேராசிரியரிடமும் சொல்லிவிட்டேன். கொடி எங்கே இருக்கிறது என்பதையும் சொன்னேன். உங்களைக் கேட்காமல் யாரும் தொடக்கூடாது என்றேன்.

ஜபருல்லா.


ராஜபாளையம்
2.11.2025

தம்பி ஜபருல்லாவுக்கு அக்கா எழுதுவது.

ஸலாம். மச்சானுக்குப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று. பேப்பரில் இருந்த கையை அவருக்குக் காட்டினேன். ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் கடை திறக்கவில்லை.

மாரீஸ்வரி வந்திருந்தாள். தூற்றிய மண்ணை நான் எப்படித் திரும்ப அள்ளுவது? அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். காப்பி ஆறிப்போய்விட்டது. போகும்போது, "வாரேன் நூரக்கா" என்றாள், பழையபடி.

ஒன்பது நாளைக்கு முன்னால் கொடி மதிலைத் தாண்டிவிட்டது. இந்தத் தடவை நாலு மொட்டு. நேற்று உன் பேராசிரியர் இரண்டு கல்லூரிப் பிள்ளைகளோடு வந்தார். மதிலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார், நல்ல மனுஷர்தான். விதை கட்டினால் ஒன்றிரண்டு கொடுங்கள், மலையில் ஓடை எட்டாத இடமாகப் பார்த்துப் போடுகிறோம் என்றார். சரி என்றேன். படம் எடுக்க வேண்டும், அளவு தெரிய யாராவது பக்கத்தில் கை வைக்க வேண்டும் என்றார். அவர் கூட வந்த பிள்ளை கையை நீட்டியது. நான் தடுத்துவிட்டேன். ஒரு வாரம் பொறுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. பொய்யாக எழுதுவது நம் வீட்டில் ஒருத்தரோடு போகட்டும்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து நான் மதிலுக்கு வெளியே நிற்பேன். அதற்குள் ஒரு பூவாவது விரிந்துவிடும். நீ போனை எடுத்துக்கொண்டு வா. பூவுக்குப் பக்கத்தில் நான் கையை வைக்கிறேன், படத்தை நீதான் எடுக்க வேண்டும்.

என் கை ஆடாது. உன் கை ஆடாமல் பார்த்துக்கொள்.

அக்கா நூர்னிசா.